அக்கா கிணறு வரைபடத்தில் இல்லை

குப்பை கொட்ட இடம் தேடிக் கொடுப்பதுதான் என் முதல் வேலை. இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பெண் பிள்ளையைப் படிக்க வைத்து, அதுவும் பூகோளத்தில் முதுகலை வரைக்கும் படிக்க வைத்து, கடைசியில் குப்பைக்கா என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நீங்க கொட்டுறதுக்குத்தான் எடம் தேடுறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. சென்னையிலிருந்த ஒரு சின்ன கம்பெனி, எங்கள் ஊரான விருத்தாசலத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை எடுத்திருந்தது. சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே குப்பைக் கிடங்கு என்று ஒரு யோசனை. எந்த இடம் தோதுப்படும் என்று கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுச் சொல்வது கம்பெனியின் பொறுப்பு. அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, இரண்டு பேர். ஒருவர் சார். தெற்கத்திக்காரர், அதிகம் பேசாதவர், டீயை ஆடை படிகிற வரைக்கும் ஆறவைத்துக் குடிப்பார். இன்னொருத்தி நான்.

வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை ஏன் ஒளிக்க வேண்டும். ஒரு பெரிய நிலப்பரப்பை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கிற வேலை. ரோடு ஓர் அடுக்கு, ஆறு ஓடை ஏரி ஓர் அடுக்கு, ஊர்கள் ஓர் அடுக்கு, மண் ஓர் அடுக்கு, கிணறுகள் ஓர் அடுக்கு. எண்ணெய்த் தாளில் தனித்தனியாக வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலத்தான். ஒவ்வோர் அடுக்குக்கும் மார்க் உண்டு. ஊரிலிருந்து தள்ளி இருந்தால் மார்க், ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மார்க், ஏரியை ஒட்டி இருந்தால் முட்டை. எல்லாவற்றையும் கூட்டிக் கம்ப்யூட்டர் நிறம் பூசும். பச்சை என்றால் குப்பைக்கு உகந்த இடம், சிவப்பு என்றால் கிட்டேயே போகாதே. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவு. ஓட விட்டுவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு, யாரிடமாவது வம்பளந்துவிட்டு வந்தாலும் பாதிதான் ஓடியிருக்கும்.

எதற்கு எத்தனை மார்க் என்று முடிவு செய்கிற நாளில் சார் மண் அடுக்கை என் பக்கம் தள்ளிவிட்டார். "நீங்க பீங்கான் ஊருப் பொண்ணு. மண்ணுக்கு நீங்களே மார்க் போடுங்க" என்றார்.

குப்பையில் ஊறி வடிகிற கறுப்புத் தண்ணீர் பூமிக்குள் இறங்கக் கூடாது. அதைத் தடுப்பது களிமண். எங்கள் ஊரில் இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. அம்மா செராமிக் பட்டறையில் பினிஷிங் வேலைக்குப் போகிறவள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வைப்பாள். பள்ளி விடுமுறைகளில் நானும் போய்ப் பலகையில் ஃபியூஸ் கட்டைகளை அடுக்கியிருக்கிறேன். களிமண் என்றால் எங்களுக்கு ஒரு கர்வம். வேறு மண்ணெல்லாம் எங்கள் கண்ணுக்கு வெறும் அழுக்கு. அந்தக் கர்வத்தில் களிமண்ணுக்கு மார்க்கை அள்ளிக் கொடுத்தேன். வேறு ஊர்க்காரி என்றால் அப்படிச் செய்திருக்க மாட்டாள். சார் என் தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்படியே ஏற்றச் சொன்னார்.

கம்ப்யூட்டர் ஓடி முடித்தபோது மூன்று இடங்கள் பச்சையாக நின்றன. இரண்டு சாதாரணப் பச்சை. ஒன்று மட்டும் கரும்பச்சை. நல்லூர்ப் பக்கத்தில், செராமிக்குக்காக வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்ட ஒரு பழைய மண்குழி. புறம்போக்கு. அந்தக் குழியை எனக்குத் தெரியும். அதன் மேட்டில் ஏறி நின்றால் என் அக்கா வீட்டு ஓடு தெரியும்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கிணற்று அடுக்கைத் திறந்து பார்த்தேன். குடிநீர்க் கிணற்றிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இடம் வரக் கூடாது என்பது விதி. அந்த விதியைக் கம்ப்யூட்டருக்குச் சொன்னவளே நான்தான். அப்படியிருக்க இந்தக் குழி எப்படிப் பச்சையானது என்று தேடினால், அடுக்கில் அக்கா கிணறு இல்லை. அரசாங்கப் பட்டியலில் இருந்த பொதுக் கிணறுகளும் அடிபம்புகளும் மட்டும்தான் அதில் இருந்தன. சொந்தக் கிணறு எந்தப் பட்டியலிலும் வராது. செயற்கைக்கோள் படத்திலும் தெரியாது. அந்தப் படத்தின் ஒரு புள்ளிக்குள் நாலைந்து வீடுகள் அடங்கிவிடும், கிணறு எங்கே தெரியப்போகிறது.

ஆனால் நான் அந்தத் தண்ணீரைக் குடித்தவள். அக்காவுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் அந்தக் கிணற்றடியில்தான் குளியல். பட்டியலைப் பார்த்துப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனபோது அது என் நினைவுக்கே வரவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

இதை அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். இருக்கத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துப் போனேன். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த ஒரு காணி மல்லாட்டைக்கும், இரண்டு மாட்டுக்கும், பிள்ளைகளுக்கும், அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் அந்த ஒரே கிணறு.

"எந்தக் குழியில?" என்றாள் அக்கா.

"உங்க மண்ணுக் குழியிலதான்."

ஆய்கிற கை நிற்கவில்லை. "யாரு சொன்னது?"

"கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னது?"

நான் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"எங்க கெணறு ஒன் மேப்புல இருக்குதா?"

"கவர்மெண்ட் லிஸ்ட்டுல இல்லக்கா."

"கவர்மெண்ட்டு இந்தத் தண்ணியக் குடிச்சதில்ல. நீ குடிச்சிருக்க." அதற்கப்புறம்தான் அவள் கையிலிருந்த செடியைக் கீழே வைத்தாள். "அந்தக் குப்பத் தண்ணி கீழ எறங்குனா இங்கதான் வரும். எம்புள்ளைங்க குடிக்கறது இதத்தான். படிச்சவதானே நீ."

களிமண் இருக்கிறது, ஒரு சொட்டு இறங்காது, அதனால்தான் அந்த இடமே வந்தது என்று நான் விளக்கினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்க ஏதுடி களிமண்ணு? லாரி லாரியா அள்ளிக்கிட்டுப் போயி உங்க டவுன்ல பொம்ம சுட்டு வித்துட்டீங்க. மிச்சம் கெடக்கறது மணலு."

எனக்குச் சுரீரென்றது. நான் வைத்திருந்த மண் வரைபடம் பழையது, குழி வெட்டுவதற்கு முந்தையது. அதில் களிமண் என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தக் களிமண் டீக் கோப்பையாக, விளக்காக, ஃபியூஸ் கட்டையாக எங்கெங்கோ போயிருக்கலாம். வரைபடத்தில் இருக்கிற மண் குழியில் இருக்கிறதா என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிய வேண்டியிருந்தது. அக்கா கிணற்றின் கவலை பாதி, இந்தக் குறுகுறுப்பு பாதி. மறுநாள் சாரிடம் சொன்னதும் அவரும், "போய்த் தண்ணி ஊத்திப் பாத்துட்டு வாங்க" என்றார்.

சோதனை சின்னதுதான். முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்ட வேண்டும். தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஓர் அடிக்கோலைச் செருகி வைத்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கடப்பாரையால் குழியின் அடியில் பள்ளத்தைத் தோண்டிக் கொடுத்துவிட்டுக் கொல்லை வேலைக்குப் போய்விட்டார். மேலே கொஞ்சம் மணல், கீழே வெயிலில் பாளம் பாளமாக வெடித்த மண். தண்ணீர் அக்கா கிணற்றிலிருந்துதான். குடம் குடமாக அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஊற்றிய தண்ணீர் எங்கள் கண்ணெதிரே இறங்கியது. நான் எழுதி முடிப்பதற்குள் அரை அடி காணாமல் போயிருந்தது. "போவுது பாரு, போவுது பாரு" என்று அக்கா குந்தி உட்கார்ந்து அடிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, சுமந்து வந்த தண்ணீர் வீணாகப் பூமிக்குள் போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. களிமண் இல்லை, மார்க் போய்விடும், கரும்பச்சை போய்விடும். மத்தியானம் விரால் மீன் குழம்பு. எனக்கென்று நடுத்துண்டு.

சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன், ஆனால் ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. பட்டறையில் அம்மா புது ஆட்களிடம் தினமும் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. ஊறாத மண்ணு பொய் சொல்லும். காய்ந்த களிமண் முதலில் கண்டபடி தண்ணீரைக் குடிக்கும். அதன் வெடிப்பெல்லாம் வாய் திறந்திருக்கும். ஒரு ராத்திரி ஊறினால் மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொண்டு, அதன் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும். சோதனை விதியிலும் அதேதான் எழுதியிருந்தது: முதல் நாள் ஊற வை, மறுநாள் அள. நான் அதைத் தாண்டிப் போகத் தயாராகத்தான் இருந்தேன். மீன் குழம்பு அப்படி. ஆனால் தெரிந்துகொள்ளாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, பிறவிக் கோளாறு.

"சாயங்காலம் இன்னும் ஆறு கொடம் ஊத்தி வெச்சிடலாம்க்கா" என்றேன்.

"அறுவது வேணும்னாலும் ஊத்தறேன்" என்றாள் அக்கா.

அவள்தான் ஊற்றினாள். நான் அன்றைக்கு அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலையில் பள்ளத்தில் தண்ணீர் இருந்தது. அடிக்கோலைச் செருகித் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். அரை மணி நேரம் போனது. ஒரு மணி நேரம் போனது. ஒரு காய்ந்த வேப்பிலை தண்ணீரில் மிதந்தது, அதுகூட அடிக்கோலின் அதே கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. வெயில் குடிக்கிறதோ என்று அக்கா முந்தானையை விரித்து நிழல் பிடித்தாள். இரண்டு மணி நேரம் ஆகியும் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"நேத்து எறங்குச்சே" என்றாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். மேலே இருந்ததைத்தான் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள், அடியில் இன்னும் களிமண் இருக்கிறது, ஊறியதும் மூடிக்கொண்டது என்று சொன்னேன். அக்கா பள்ளத்துக்குள் கையை விட்டு அடிமண்ணைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப நான் ஊத்துன தண்ணியாலதான் அடச்சிக்கிச்சா?"

"ஆமா."

"நானே செமந்து, நானே ஊத்தி, நானே அடச்சிருக்கேன். ஊத்தச் சொல்லும்போதே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். நிச்சயமாத் தெரியாது, ஆனா சந்தேகம் இருந்துச்சு."

"நேத்துக் கணக்கையே எழுதிடேன். யாருக்குத் தெரியப்போவுது."

"எனக்குத் தெரியுமே."

"நீ யாரு பக்கம்?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் இறங்கவில்லை என்றால் இறங்கவில்லை என்றுதான் எழுத முடியும், உனக்காகக் களிமண்ணை மணலென்று எழுதச் சொல்கிறாயா என்று கத்தினேன். அக்கா கத்தவில்லை. மிச்சமிருந்த ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள், திரும்பிப் பார்க்காமல் போனாள். என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் எந்தச் சண்டையிலும் சாப்பாடு நின்றதில்லை.

தனியாக நின்று அடிமண்ணில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்தேன். உள்ளங்கையில் திரியாக உருட்டி விரலில் மோதிரம் போலச் சுற்றினேன். ஒரு கீறல் விழவில்லை. அம்மா பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சொல்லக் கூடாதுதான், அந்த நேரத்திலும் அந்த மண் எனக்குப் பிடித்திருந்தது.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் கிணற்றடியில் நின்றேன். பையில் ஜிபிஎஸ் கருவி இருந்தது, கைக்கு அடக்கமாக, பழைய செல்போன் மாதிரி. வானத்தில் நாலு செயற்கைக்கோள்களாவது அதன் கண்ணில் பட்டால், நிற்கிற இடத்தின் எண்களைக் காட்டும். பொத்தானை அழுத்தினால் இடம் பதிவாகும். விளிம்பில் நின்று அழுத்தினேன். களிமண் இருப்பது உண்மை என்றால், கிணறு இருப்பதும் உண்மைதானே.

களிமண், கிணறு இரண்டையும் நான் சொல்ல, சார் கேட்டுக்கொண்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"உங்க அக்கா கிணத்த மட்டும் போட்டா அது மேப் இல்ல, சிபாரிசு" என்றார். "போட்டா எல்லாத்தையும் போடுங்க. மூணு இடத்தையும் சுத்தி எத்தன கிணறு இருக்கோ அத்தனையும்."

"போடறேன் சார்."

"இன்னொண்ணு. மூணுல ஒண்ணாவது மிஞ்சணும். ஒண்ணும் மிஞ்சலன்னா மேல இருக்கறவங்க தூரத்தக் கொறைக்கச் சொல்லுவாங்க. அரைக் கிலோமீட்டர கால் ஆக்குன்னு ஒரு லெட்டர் வரும். அப்ப மொதல்ல திரும்பி வர்றது உங்க அக்கா குழிதான். மண்ணு அவ்வளவு நல்லா இருக்கு."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். மண்ணுக்கு மார்க் போட்டதும் நானேதான். சார் சொன்னதை அன்றைக்கே அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

அதற்கு இரண்டாம் நாள் காலையில் மருந்துக்கடை மாடிப்படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மாமாவின் மொபெட் கீழே நின்றது. சமாதானம் பேச வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"கெணறு எங்கெங்க இருக்குதுன்னு ஒனக்கு என்னா தெரியும்? பேண்ட்டு சட்டயப் பாத்தா ஆபீஸ்னு நெனச்சி ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எனக்குச் சொல்லுவாங்க. ஒரு எடம் மிஞ்சுனாத்தான் நான் தப்பிப்பேன்னு நீதானே போன்ல சொன்ன. அது எதுன்னு நானே பாத்துடறேன்."

நான் ஓட்டினேன், அவள் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். அந்த நாட்களில் நான் பார்த்த கிணறுகளை இன்றைக்கும் கண்ணை மூடினால் வரிசையாகச் சொல்வேன். மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் ஒளிந்தவை, ஆல் முளைத்தவை, படி உள்ளவை, கயிற்றுத் தடம் பதிந்த கல் உள்ளவை. எங்கள் பக்கத்தில் கிணற்றைப் பார்க்க வந்தவரைத் தண்ணீர் குடிக்காமல் அனுப்ப மாட்டார்கள். குடித்துக் குடித்து வயிறு தளும்பியது. ஒவ்வொன்றின் எண்ணுக்குப் பக்கத்திலும் நோட்டில் ருசியையும் எழுதினேன்: நல்ல தண்ணி, சவுறு, லேசா உப்பு. கம்ப்யூட்டரில் ருசிக்கு ஓர் அடுக்கு கிடையாது. எனக்காகத்தான் எழுதிக்கொண்டேன்.

மற்ற இரண்டு இடங்களில், எங்கள் வட்டாரத்து மங்களூரை ஒட்டியது இரண்டே நாளில் அடிபட்டது. ஒரே வரிசையில் ஐந்து கிணறுகள். மிஞ்சியது முந்திரிக்காட்டை ஒட்டிய செம்மண் மேடு. அங்கே மூன்று நாள் சுற்றியும் ஒரு கிணறு அகப்படவில்லை. மண் சுமார்தான், ஆனால் விதிக்குள் வரும். மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவின் முகம் தெளிந்திருந்தது. போகிற வழியில் எனக்குப் போண்டா வாங்கித் தருவதாகக்கூடச் சொன்னாள். அரைக் கிலோமீட்டர் எல்லையின் கடைசி மூலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பலாம் என்று நான்தான் சொன்னேன்.

அங்கே ஒரு குடிசையும் ஐந்தாறு ஆடுகளும் இருந்தன. அம்மா வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் ஜெபமாலையோடு, சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டோம். "இருங்கம்மா, புதுசா எறச்சித் தரேன்" என்று குடிசைக்குப் பின்னால் போனாள். இறைப்பது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்னாலேயே போனோம்.

கைப்பிடிச் சுவர்கூட இல்லாத சின்னக் கிணறு. வாய்க்குக் குறுக்கே பனஞ்சட்டம், மேலே முந்திரிக் கிளைகள் கவிந்து மூடியிருந்தன. பத்தடி தள்ளி நடந்து போனால்கூடத் தெரியாது. அக்கா சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"யாரு வெட்டுனது?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரும் நானுந்தாம்மா. அவரு வெட்டுவாரு, நான் மண்ணத் தூக்கிக் கொட்டுவேன். இப்ப அவரு இல்ல. கெணறு இருக்குது" என்றாள் அந்த அம்மா.

பழக்கத்தில் என் கை கருவியை வெளியே எடுத்துவிட்டது. திரையில் தேடுகிறது, தேடுகிறது என்றே வந்தது. மேலே அத்தனை இலை. இரண்டு செயற்கைக்கோள்தான் அகப்பட்டிருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

"சிக்னல் கெடைக்கல. போலாம்க்கா" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை.

அக்கா கருவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பிறந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கிறவள்.

"கெடைக்கற வரைக்கும் நிக்கலாம்."

"இதப் போட்டா ஒண்ணும் மிஞ்சாதுக்கா. சார் சொன்னதச் சொன்னேனே."

"சொன்ன."

"அப்புறம் ஒங்கெணறுதான்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள். என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கிக்கொண்டு பனஞ்சட்டத்தின் ஓரத்தில் கால் வைத்து ஏறி, கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்த ஓர் ஓட்டைக்கு நேராகக் கையை நீட்டிப் பிடித்தாள்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாம்மா பாக்கறீங்க?"

"குப்ப கொட்டறதுக்கு எடம் பாக்கறாங்க. ஒங்க கெணறு இருக்குதுன்னு பதிஞ்சிட்டா இங்க கொட்ட மாட்டாங்க. அதுக்குத்தான்" என்றாள் அக்கா, கையை இறக்காமல்.

"அப்ப பதியுங்க" என்றாள் அந்த அம்மா. அவ்வளவுதான். இன்னொரு சொம்பு இறைக்கப் போனாள்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கை வலித்து அக்கா கையை மாற்றினாள். மூன்று என்றது. ஒரு காற்று வந்து கிளை விலகியபோது நாலு என்றது. எண்கள் நின்றன. அக்கா கருவியை என்னிடம் நீட்டினாள்.

"அழுத்து."

எனக்கு விரல் வரவில்லை.

"அழுத்துடி. தண்ணி குடிச்சிருக்கோம்."

அழுத்தினேன்.

திரும்பி வரும்போது போண்டா வாங்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அக்கா என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. எனக்கும் ரோடு கலங்கலாகத்தான் தெரிந்தது.

மறுநாள் எல்லாக் கிணறுகளையும் அடுக்கில் ஏற்றி ஓட விட்டேன். டீக்குக் கீழே இறங்கவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முடிந்தபோது படத்தில் பச்சை இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. இத்தனை பெரிய நிலப்பரப்பில் யாரும் தண்ணீர் குடிக்காத அரைக் கிலோமீட்டர் எங்கேயும் இல்லை. சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று வெகு நேரம் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையா?"

"இல்ல சார்."

"அப்ப இல்லன்னே எழுதுங்க" என்றார். அப்படியே எழுதி அனுப்பினோம். தூரத்தைக் குறைக்கச் சொல்லும் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலில் போய் நிற்பேன். நான் அந்த அறையில் இருந்த வரைக்கும் கடிதம் வரவில்லை. அதற்கப்புறமும் அந்தக் குழிக்கு ஒரு வண்டியும் போகவில்லை என்று அக்கா சொன்னாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. கோப்பு எங்கேயாவது தூங்கியிருக்கும்.

படத்தில் பச்சை போன அந்தச் சாயங்காலமே அக்காவுக்குப் பக்கத்து வீட்டு நம்பரில் போன் போட்டேன்.

"ஒங்கெணறு இப்போதைக்குத் தப்பிச்சுது" என்றேன்.

"அந்த அம்மாது?"

"அதுவும்."

அந்தப் பக்கத்தில் ஓர் ஆடு கத்தியது, யாரோ அதட்டினார்கள்.

"அப்ப குப்ப எங்கடி போவும்?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன். "சரி, ஞாயித்துக்கெழம வா, மீன் வாங்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டரை அணைத்தேன். சார் போய்விட்டிருந்தார். மேஜைக்கடியில் குப்பைக்கூடை நிரம்பியிருந்தது, கிழித்துப் போட்ட வரைபடங்கள், டீ குடித்த பிளாஸ்டிக் கப்புகள், யாரோ வாங்கி வந்த பஜ்ஜிக் காகிதம். அறையைப் பூட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, தினமும் செய்வதைப் போலவே தெருமுனையில் கொட்டிவிட்டு வந்தேன்.